குலசேகரனின் படகு

"எல்லாத்தையும் விடுன்னு சொல்லிக் கொடுக்கறவங்க படகு வச்சிருக்கலாமா?"

குலசேகரன் இப்படிக் கேட்டபோது மாதங்கி அம்மை படகுக்கு அடியில் படுத்திருந்தார்.

கடலை ஒட்டிய ஏரியின் கரையில் இரண்டு பனந்துண்டுகளின் மேல் ஏற்றி வைத்திருந்த பழைய மரப்படகு அது. ஒரு பாய்மரம். நாலு பேர் காலை நீட்டி உட்கார இடம். மீன் பிடிக்கிற படகு இல்லை. சரக்கு ஏற்றுகிற படகும் இல்லை. ஏரியில் சும்மா போய்வருவதற்கென்றே யாரோ ஒருகாலத்தில் செய்தது.

குலசேகரனை உறுத்தியது அந்தச் 'சும்மா'தான்.

சாயங்காலப் பேச்சுக்கு மடத்தில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேச வேண்டியவரைக் காணோம். தேடிக்கொண்டு வந்தால், இங்கே உப்புத்தாளை வைத்துப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தலைமுடியெல்லாம் நீலத்தூள்.

"நேரமாயிடுச்சா?" என்றார் அம்மை.

"நான் கேட்டதுக்குப் பதில் வரலை."

குலசேகரன் மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மையைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பதில் வாங்காமல் யாரையும் விட்டுப் பழக்கமில்லை.

மடத்துக்கு வருவதற்கு முன் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். வீட்டை ஒரு பள்ளி அறக்கட்டளைக்குக் கொடுத்தார். புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக்கூட, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கழற்றிக் கொடுத்தார். கொடுத்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிரும். அந்தப் பெருமையை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

மனைவி பங்கஜவல்லி திருவாரூரில் தங்கை வீட்டில் இருந்தார். எப்போதாவது போனில் பேசுவார்கள். "சௌக்கியமா?" "சௌக்கியம்." அத்தோடு முடிந்துவிடும்.

அம்மை படகுக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். புடவையைத் தட்டிக்கொண்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தான் சார். என்கிட்ட இருக்க வேண்டாம். நீங்க வச்சுக்குங்க."

உப்புத்தாளை அவர் கையில் வைத்தார்.

"நான் எதையும் வச்சுக்கறதில்லையே அம்மா."

"அப்ப யாருக்காவது கொடுத்துடுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே?"

"நாளைக்கே கொடுத்துடறேன்."

"ஓட்டைப் படகை எப்படிக் கொடுப்பீங்க? வாங்கினவங்க முழுகிடுவாங்களே."

அம்மை பேச்சுக்குக் கிளம்பிவிட்டார். குலசேகரன் உப்புத்தாளோடு நின்றார்.

*

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

பழைய பெயின்டை அங்கங்கே சுரண்டினார். விரிசல் தெரிந்த இடங்களில் மக்கு வைத்துப் பூசினார். மேலே பளபளவென்று வெள்ளை அடித்தார். ஏரியில் போகிற மீன்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மையைக் கூட்டி வந்து காட்டினார்.

அம்மை படகைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் நின்றார். வெள்ளைப் பலகையில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். பழுத்த வாழைப்பழத்துக்குள் போவதுபோல விரல் உள்ளே போனது.

"வெள்ளை நல்லாத்தான் இருக்கு," என்றார்.

விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குலசேகரனுக்கு முகம் சிவந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை.

மறுநாள் காலை மறுபடி உப்புத்தாளை எடுத்தார்.

*

இந்த முறை மரம் தெரிகிறவரைக்கும் தேய்த்தார்.

வெள்ளைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் பச்சை. அதற்கும் அடியில் செங்கல் நிறம். யார் யாரோ எந்தெந்த வருடத்திலோ ஆசை ஆசையாக அடித்தது. நீதிமன்றத்தில் அவர் எத்தனையோ சொத்து வழக்குகளைப் பார்த்திருக்கிறார். ஒரு சொத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

அம்மை சில நாட்கள் வந்து கூட உட்காருவார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அவர் கையைப் பிடித்துப் பலகைமேல் வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க."

தடவினார்.

"எங்கே கெட்டிருக்கு?"

"தெரியலையே."

"நாளைக்கும் தடவுங்க."

தடவித் தடவி ஒருநாள் தெரிந்தது. நல்ல மரம் கைக்குச் சில்லென்று இருந்தது. கெட்ட மரம் ஒருமாதிரி வெதுவெதுப்பாக, பஞ்சுபோல இருந்தது. கெட்டதை அறுத்தெடுத்தார். புதுப் பலகையை இழைத்தார். முதல் பலகை குட்டையாகிவிட்டது. இரண்டாவதை ஆணி அடிக்கும்போது பிளந்துவிட்டார். மூன்றாவது பலகை ஒரு சாயங்காலம் எந்தச் சண்டையும் போடாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

குலசேகரன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. யாரும் இல்லை. பலகையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தார்.

பலகை இடுக்குகளில் எண்ணெயில் தோய்த்த பஞ்சைத் திணித்து அடைத்தார். வார்னிஷ் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசினார். இடையில் மழைக்காலம் வந்தது. கீற்றுக் கொட்டகை போட்டு மூடினார். மழை கொட்டும்போதெல்லாம் எழுந்து வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தியானத்தில் உட்கார்ந்தால் படகைத் திருப்புகிற சுக்கான்தான் கண்ணுக்குள் வந்தது. அதை அம்மையிடம் ஒரு குற்றமாகவே சொன்னார்.

"சுக்கான் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் அம்மை.

"கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் இழைக்கணும்."

"அப்ப எழுந்து போய் இழைங்க."

*

தை மாதம் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். மடத்துக்காரர்கள் எல்லோரும் வந்து பிடித்தார்கள். முழங்கால் ஆழத்தில் படகு மிதந்தது.

குலசேகரன் கையெடுத்துக் கும்பிடப் போனார். அதற்குள் அம்மை ஒரு வாளியை எடுத்து ஏரித்தண்ணீரை மொண்டு படகுக்குள் ஊற்றினார். இன்னொரு வாளி. இன்னொன்று.

படகு தாழ்ந்தது.

"அம்மா! என்ன பண்றீங்க?"

அம்மை நிறுத்தவில்லை. தண்ணீர் விளிம்பைத் தொட்டது. படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோலக் கொப்புளங்களை விட்டுவிட்டு மணலில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ, என் படகு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது.

கரையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அம்மை வாளியைக் கீழே வைத்தார்.

"இத்தனை மாசம் தண்ணியில்லாமக் கிடந்து பலகை சுருங்கியிருக்கு. தண்ணி குடிச்சு உப்பணும். அப்பத்தான் இடுக்கு மூடும். ஒரு வாரம் இப்படியே கிடக்கட்டும்."

குலசேகரன் தலையை ஆட்டினார். ஈர வேட்டியோடு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் காலையும் மாலையும் போய் முழுகிக் கிடக்கிற படகின் பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர்கள்போல.

எடுத்து இறைத்துப் பார்த்தபோது, உள்ளே ஒரே ஒரு மூலையில்தான் கசிந்தது. அதுவும் ஒரு கை அளவு.

*

"இப்ப கொடுத்துடலாம்," என்றார் குலசேகரன். குரலில் சுரத்தில்லை.

"ஓட்டிப் பார்க்காமலா?"

ஓட்டக் கற்றுக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும். அம்மை பின்பக்கம் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பார். குலசேகரன் பாயின் கயிற்றைப் பிடிப்பார். முதல் நாள் கயிறு உள்ளங்கையைத் தோலுரித்தது. இரண்டாம் நாள் பாய் திரும்பும்போது அதன் அடிக்கட்டை தலையில் இடித்தது.

"காத்து எங்கேருந்து வருதுன்னு பாருங்க சார்."

"காத்தை எப்படிம்மா பார்க்கறது?"

அம்மை அவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

ஒருநாள் சுக்கான் அவர் கைக்கு வந்தது. கோணல்மாணலாகக் கொஞ்ச தூரம் போனது படகு. அப்புறம் எங்கோ ஒரு புள்ளியில் பாய் 'டப்'பென்று நிரம்பியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்று ஓட ஆரம்பித்தது. பலகைகளுக்கு அடியில் தண்ணீர் சலசலத்தது. சுக்கான் கைக்குள் மெல்ல அதிர்ந்தது. தானே இழைத்த சுக்கான்.

குலசேகரன் சிரித்துவிட்டார். வாய்விட்டு. நீதிபதியாக உட்கார்ந்திருந்த வருடங்களில் அப்படிச் சிரித்ததே இல்லை. என்ன வேடிக்கை நடந்தது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அம்மை முன்பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் படகைக் கொடுக்கிற பேச்சு தள்ளிப்போனது. பாயில் ஒரு கிழிசல் இருந்தது, தைத்துவிட்டுக் கொடுக்கலாம். நங்கூரக் கயிறு நைந்திருந்தது, மாற்றிவிட்டுக் கொடுக்கலாம். ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

மாசியில் தனியாகவே ஏரி நடுவில் இருக்கிற கோரைத்தீவுவரை போய்வந்தார். மூன்று நாள் பயணம். மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, மோர்மிளகாய், ஒரு ஜமுக்காளம். தீவுக்கு இந்தப் பக்கம் அலையில்லாத இடத்தில் நங்கூரம் போட்டுப் படகிலேயே தூங்கினார். விடியும்போது மடவை மீன்கள் துள்ளுகிற சத்தத்தில் விழித்தார். எட்டத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அலசிக்கொண்டிருந்தன. கஞ்சி கொதித்து அடுப்பு அணைந்தது. ஆறியும் போயிற்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜபம் பண்ணவில்லை என்பது மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்த அன்று மடத்து போனில் பங்கஜவல்லியைக் கூப்பிட்டார்.

"சௌக்கியமா?" என்றார் பங்கஜவல்லி.

"வல்லி, பாய் நிரம்பும்போது ஒரு சத்தம் வரும் பாரு..."

பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. அந்தப் பக்கம் ஒரே மௌனம்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நீங்கதான் பேசறீங்களான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

*

அடுத்த வாரமே பங்கஜவல்லி வந்துவிட்டார். ஒரு பை, ஒரு குடை, தங்கை கொடுத்தனுப்பிய அதிரசம்.

கணவரைப் பார்த்தார். கறுத்திருந்தார். உள்ளங்கை காய்த்திருந்தது. நகத்தில் வார்னிஷ்.

"எங்கே அந்தப் படகு?"

ஏறும்போது பயந்தார். ஏறி உட்கார்ந்ததும் குடையை விரித்தார். காற்று பிடுங்கிக்கொண்டு போனது. குடை ஏரியில் மிதந்து போவதைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பின் பயம் இல்லை.

சுக்கானை அவரிடம் கொடுத்தார் குலசேகரன். "தூரத்துல அந்தப் பனைமரத்தைப் பாரு. அதைப் பார்த்துப் போ."

பங்கஜவல்லி பனைமரத்தைப் பார்த்தார். காற்றையும் பார்த்தார். யாரும் காதைத் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. படகு நூல் பிடித்ததுபோலப் போனது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் ஓட்டுவதைக் குலசேகரன் வாய் திறந்து பார்த்தார். இந்த முகத்தை எங்கே வைத்திருந்தாள் இத்தனை வருடமாக?

வெயில் தாழும்வரை சுக்கானை அவர் விடவில்லை.

கரைக்கு வந்து, கயிற்றைக் கட்டியபின் பங்கஜவல்லி கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"இதை எனக்குக் கொடுத்துடுங்க."

குலசேகரன் நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டில்லை.

"வீட்டைக் கொடுத்தப்ப என்னைக் கேக்கலை. கையெழுத்துப் போட்டுட்டு வந்துதான் சொன்னீங்க. நானும் அதைப்பத்தி ஒண்ணும் கேக்கலை. இப்பவும் அதைக் கேக்க வரலை." பங்கஜவல்லி படகின் விளிம்பைத் தடவினார். "எனக்குன்னு ஒண்ணு வேணும்போல இருக்கு. படகுத்துறைகிட்ட ஒரு வீடு வாடகைக்கு இருக்காம். வந்து இருந்துடுவேன்."



பேருந்தில் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்த கை. அது இப்போது படகுக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

*

அம்மை மடத்துச் சமையற்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

குலசேகரன் எதிரில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார்.

"என்னால முடியலை அம்மா. கொடுக்க முடியலை. அதுவும் அவளுக்கு. இத்தனை வருஷம் சாதிச்சதெல்லாம் போச்சு."

அம்மை ஒரு கீரைத்தண்டை ஒடித்தார்.

"வீட்டைக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"கையெழுத்துப் போடற நேரம்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லவே இல்லை."

"அந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல்?"

குலசேகரன் வாயைத் திறந்தார். கூடத்தில் இரண்டு. இல்லை, மூன்று. மாடியில்? சமையலறையில் ஜன்னல் இருந்ததா? அங்கே நின்றுதான் வல்லி தினமும் யாரிடமோ பேசுவாள். எதன் வழியாகப் பேசினாள்?

அம்மை பிறகு அடுத்த தண்டை எடுத்தார்.

"படகுல எத்தனை பலகை?"

குலசேகரன் மளமளவென்று ஆரம்பித்தார். "இடது பக்கம் அடியிலேருந்து..."

அம்மை கையை உயர்த்தினார்.

"போதும் சார். கீரை ஆயணும்."

*

காலையில் அவர் போகும்போது பங்கஜவல்லி படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பை. ஊருக்குத் திரும்பத் தயாராக வந்தவர்போல இருந்தார்.

குலசேகரன் படகில் இறங்கினார். கையை நீட்டினார்.

"வா. இங்கே கையை வை."

"எதுக்கு?"

"வையேன்."

அவர் கையைப் பிடித்து உள்மூலையில் ஒரு பலகைமேல் வைத்தார்.

"ஈரமா இருக்கா? இங்கேதான் கசியும். தினம் காலையில இதைத் தொட்டுப் பார்க்கணும். கொஞ்சம் கசிஞ்சா பயப்படாதே. வெயில்ல மட்டும் நாள்கணக்கா போட்டுடாதே, சுருங்கிடும்."

பங்கஜவல்லி அவர் முகத்தைப் பார்த்தார். பையைத் துறையிலேயே விட்டுவிட்டுப் படகில் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

இந்தப் பலகை இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை உட்கார்ந்தது என்றார் குலசேகரன். இந்த ஆணி மட்டும் பித்தளை, மற்றதெல்லாம் செம்பு என்றார். பாயில் தைத்த இடத்தைக் காட்டினார். மழை வருகிற மேகம் எது, மிரட்டிவிட்டுப் போய்விடுகிற மேகம் எது என்று காட்டினார். கோரைத்தீவுக்கு எந்தப் பக்கம் நங்கூரம் போட்டால் மீன் துள்ளுகிற சத்தம் கேட்கும் என்று சொன்னார்.

"முடிச்சு இப்படிப் போடணும்."

"இப்படியா?"

"இல்லை, கையைக் கொடு."

மத்தியானம் அதிரசம் சாப்பிட்டார்கள். பங்கஜவல்லி திடீரென்று, அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பின்னால் ஒரு முருங்கைமரம். அதில் தினமும் வருகிற ஒரு அணிலோடுதான் பேசுவாராம். குலசேகரன் நடுவில் பேசாமல் கேட்டார். முருங்கைமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டார். பங்கஜவல்லி கையால் காட்டினார்.

கடல்காற்று எழும்பியது. பாயை ஏற்றினார்கள்.

மாலைப் பேச்சுக்கு மணி அடித்தபோது மடத்தில் குலசேகரனின் இடம் காலியாக இருந்தது. அம்மையே எழுந்து கரைக்கு வந்தார். படகு துறையை விட்டுக் கொஞ்ச தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. சுக்கானில் பங்கஜவல்லி. எதிரில் குலசேகரன் கைகளை வீசி வீசி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மை கையை வாயருகில் குவித்துக் கூப்பிட்டார்.

"சார்! படகைக் கொடுத்தாச்சா?"

குலசேகரன் திரும்பிப் பார்த்தார். அதற்குள் காற்று மாறியது. "பேச்சை விட்டுட்டுக் கயித்தைப் பிடிங்க!" என்று பங்கஜவல்லி அதட்டினார். அவர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். பாய் நிரம்பியது. படகு சாய்ந்து ஓடத் தொடங்கியது.

தண்ணீருக்கு மேலாக அவர் குரல் வந்தது.

"கொடுத்துக்கிட்டு இருக்கேன் அம்மா!"